மூன்றாவது கையெழுத்து

உதியன்குளங்கரையில், பாறசாலைக்குப் போகும் சாலையின் ஓரத்தில், ஒரு சாயாக் கடையின் மாடி அறையில் அமர்ந்து அவர் ஆதாரம் எழுதினார். நிலப் பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். உயிலை ஒசியத்து என்போம். இரண்டையும் அவர் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே அழகோடு எழுதுவார். எந்த மொழியில் எழுதினாலும் ஒரு வழக்கம் மட்டும் மாறாது. வரி முடிந்த இடத்திலிருந்து தாளின் விளிம்புவரை மிச்சமிருக்கும் வெற்றிடத்தை ஒரு கோட்டால் அடைத்துவிடுவார். பின்னால் வருகிறவன் எவனும் அங்கே ஒரு சொல்லைச் செருகிவிடக் கூடாது. அளவுகோல் இல்லாமலே அந்தக் கோடு நேராக விழும்.

பேச்சிலும் அவர் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். இதை அவருடைய குணங்களில் ஒன்று என்று சொல்வது தவறு. இருபது ஆண்டுகள் பழகியும் அவரிடம் நான் கண்ட குணம் அது ஒன்றுதான்.

ஊரில் எல்லோரும் அவரை எழுத்து சார் என்றார்கள். மெலிந்த தேகம். நரைத்த தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பார். எழுதுகோலின் முனையை அந்தத் தலைமுடியிலேயே துடைத்துக்கொள்வார். கீழேயிருந்து மணிக்கொரு முறை பாலில்லாத கட்டன்சாயா வரும். அதைக் குடிக்கும்போது எழுதமாட்டார், எழுதும்போது குடிக்கமாட்டார்.

குளத்தூர் கடற்கரையிலிருந்து, மீன் சுமந்து விற்கும் ஒரு பெண் அவரிடம் வந்த கதையை அந்தச் சாயாக் கடையில் நாலைந்து பேர் நடித்தே காட்டுவார்கள்.

"சாரே, ஒரு ஒசியத்து எழுதணும்."

"எழுதலாம்."

"என்ன கொண்டு வரணும்?"

"வஸ்துவுக்க ஆதாரம்."

மறுநாள் அவள் நிலத்தின் ஆதாரத்தோடு வந்தாள். சாட்சிகள் எங்கே என்றார். சாட்சி வேணுமா என்றாள். ரெண்டு பேரு வேணும் என்றார். அதற்கடுத்த நாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கையோடு முத்திரைத்தாளும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர் முத்திரைத்தாளைப் பார்த்து, "இது வேண்டாம். ஒசியத்த வெள்ளத்தாளில எழுதினாப் போதும்" என்றார்.

"இத நேத்தே சொல்லப்பிடாதா சாரே?"

"நீ கேக்கேல்ல."

"கேக்காமச் சொன்னா வாயி தேஞ்சு போவுமா?"

அவர் அதையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். சற்று யோசித்து, "தேயாது" என்றார்.

அவள் கடைக்காரரிடம் போய், "எனக்க கூடையில கிடக்கிய மீனு இதுக்கு மேல வாயத் தெறந்து மிண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சிரிப்போம். ஆனால் அந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு வேறு எழுத்துக்காரரிடம் போகவில்லை. எல்லை ஊர்களில் நிலத் தரகர்கள் மிகுதி. இரண்டு மொழியிலும் பொய் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நடுவே, ஒரு பொய்கூடச் சொல்லாதவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர். அந்தப் பெயரில் பிழை இல்லை. அவர் பொய் சொல்லி நானும் கேட்டதில்லை.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தேன். சனிக்கிழமைதோறும் குளத்தூர்க் கரையிலிருந்த அப்பாவின் வீட்டுக்குப் போவேன். உதியன்குளங்கரையில் பஸ் மாற வேண்டும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மாடியேறி அவர் எதிரில் உட்கார்ந்திருப்பது பழக்கமாயிற்று. வினாவின் எல்லையைத் தாண்டாத விடைக்கு அவரை நான் வகுப்பில் உதாரணமாகச் சொன்னேன். மாணவர்கள் வியந்தார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

கள்ளிக்காட்டிலிருந்து வந்த ஒருவரின் காரியம் அந்தப் பெருமையைச் சற்று அசைத்திருக்க வேண்டும். அவர் மனைவியை இழந்த கிறிஸ்தவர். முதல் தாரத்து மகளுக்கு இடது கால் விளங்காது. ரப்பர் தோட்டத்தையும் வீட்டையும் அவளுக்கென்று உயில் எழுதி, பதிவும் செய்து வைத்தார். இரண்டு ஆண்டு கழித்து அவர் மறுமணம் செய்துகொண்டார். திருமணம் நடந்த கணமே ஒரு கிறிஸ்தவனின் பழைய உயில் செத்துப் போகும். மறுபடி எழுத வேண்டும். அது அவருக்குத் தெரியாது. உயிலை எழுதிய நம்மவருக்குத் தெரியும். அவரும் அந்தத் திருமணத்துக்குப் போயிருந்தார்.

மனிதர் இறந்தபின் அந்த மகள் இருந்த கோலத்தைக் கேள்விப்பட்டு, நான் மாடியேறி அவரிடம் கேட்டேன். "கல்யாண வீட்டில நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அவரு வந்து என்னைக் கல்யாணத்துக்கு விளிச்சாரு. வாறேன்னு சொன்னேன். நெய்ச்சோறு உண்டு, இருந்து தின்னிட்டுப் போவணும்னாரு. தின்னேன். ஒசியத்தைப் பற்றி ஒண்ணும் கேக்கேல்ல."

சொல்லிவிட்டு வரியின் மிச்சத்தைக் கோடிட்டு அடைத்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கினேன். சாலையைக் கடக்கும்போது, அவர் தரப்பில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

தம் வீட்டிலும் அவர் இந்த அளவுகோலை மாற்றவில்லை. அவருடைய மனைவிக்கு வயிற்றில் கட்டி கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று, அந்த அம்மாள் முற்றத்தில் நின்று, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். புற்று என்றார். சுகப்படுமா என்றாள். படாது என்றார். எத்தனை மாசம் என்றாள். நாலு என்றார். உள்ளேயிருந்த மைத்துனர் ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினாராம். "எலே, நீயெல்லாம் ஒரு மனுசனாலே" என்று மைத்துனர் கத்தியதற்கு, பொத்திய கைக்குள்ளிருந்து ஆமா என்று பதில் வந்ததாகச் சாயாக் கடையில் சொல்வார்கள். அது அவர்கள் சேர்த்ததாக இருக்கலாம். நாலு மாதம் என்பது மட்டும் சரியாக இருந்தது.

வேறொன்றும் சொல்வார்கள். வாலிபத்தில் அவர் ஒரு வீட்டில், கேட்காமலே ஓர் ஆதாரத்தின் குறையை எடுத்துச் சொன்னார். அதனால் அண்ணன் தம்பியை வெட்டினான் என்று. ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"அப்படி ஒண்ணு நடந்ததா?"

"நடந்தது."

அவர் கண் தாளில் இருந்தது. கை எழுதிக்கொண்டிருந்தது. நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அவரிடம் கேள்வியை நிறுத்தத் தெரிந்தவனுக்கே பழக்கம் நீடிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அப்பா ஒரு காலத்தில் கரைமடி வலைக்குச் சொந்தக்காரர். நாங்கள் மூன்று மக்கள். மூத்த அண்ணன் நெய்யாற்றின்கரையில் கடை வைத்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். நான் நகரத்துக்குப் போனேன். தங்கை பிலோமியின் கணவன் வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவள் ஒரு பெண்குழந்தையோடு அப்பாவின் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், சோற்றைக் குழைத்து ஊட்டுவதும் அவள்தான். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு கூரை இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும். வீட்டையும் அது நிற்கும் மண்ணையும் அவளுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று என்னிடம் குழறிக் குழறிச் சொன்னார். நான்தான் எழுத்து சாரை அழைத்து வந்தேன்.

அவர் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து எழுதினார். வீடும் மனையும் மகள் பிலோமினாவுக்கு. மற்றுமுள்ள சகல சொத்துகளும் ஆண்மக்கள் இருவருக்கும் சமமாக. எழுதியதை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"இப்பம் வாசிச்சது நீரு சொன்னதாக்குமா?"

"ஆமா" என்றார் அப்பா.

"ஆருக்கும் பயந்து சொன்னதில்லியே?"

"கடலுக்கே பயந்ததில்ல ஓய்."

அப்பா இடது பெருவிரலை வைத்தார். அதைப் பார்த்து நின்ற மாதா கோவில் உபதேசியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிகளாகக் கையெழுத்திட்டார்கள். சட்டம் கேட்பது அவ்வளவே: தெளிந்த புத்தி, எழுதி வைப்பவரின் ஒப்பு, அதை நேரில் கண்ட இரண்டு பேர். காரியம் முடிந்துவிட்டது. அப்போதுதான் அப்பா தலையைத் திருப்பினார்.

"பிலோமி எங்க? அவளும் கைய வைக்கட்டு."

உபதேசியார் சிரித்தார். "ரெண்டு பேரு போதும். நாங்க வச்சாச்சு."

"கம்பாவப் பிடிக்காதவளுக்கு எந்த முறையில பங்கு? நாளைக்கு இவனுவ கேப்பானுவ." அப்பாவின் கண் என் மேல் இருந்தது. "கைய வை மோளே."

கரைமடி இழுக்கும் கரையில் பிறந்தவனுக்கு இது விளங்கும். வலையின் இரண்டு தலையிலும் கட்டியிருக்கும் நீண்ட கயிறுதான் கம்பா. கரையில் நின்று அதை இழுக்கும்போது, வழியே போகிறவனாயினும் கம்பாவில் கை வைத்துவிட்டால் அவனுக்குப் பங்கு உண்டு. மீன்பாடு குறைவாக இருந்தாலும் ஒரு பிடி மீனாவது கொடுத்தே அனுப்ப வேண்டும். கை வைக்காதவன் சொந்த மகனானாலும் பங்கு கேட்க முடியாது. அப்பா அறிந்த சட்டம் அது ஒன்றுதான். அதை அவர் ஆயுள் முழுவதும் கரையில் நின்று நடத்தியிருக்கிறார். நான் படிக்கப் போன ஆண்டில், விடுமுறைக்கு வந்து கரையில் சும்மா நின்ற எனக்கு ஒரு சாளை மீன்கூடக் கொடுக்காமல் அனுப்பியவர் அவர்.

பிலோமி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாள். நான் எழுத்து சாரைக் கேட்டேன். படித்தவன் கேட்பதுபோலவே கேட்டேன்.

"இவளும் சாட்சியா ஒப்பு போடலாமா சார்?"

"போடலாம்."

"அதனால ஒசியத்து செல்லாமப் போகுமா?"

"போகாது. ஒசியத்து செல்லும்."

எனக்குத் திருப்தியாக இருந்தது. முதல் கேள்வி அனுமதியைப் பற்றியது. இரண்டாவது விளைவைப் பற்றியது. இடையில் ஒன்றும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டில் சட்டத்தில் தாளை வைத்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கல்யாணப் பதிவேட்டுக்குப் பிறகு அவள் கையெழுத்திட்ட காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன். "செரியா இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவர் தாளை வாங்கி, அவள் பெயருக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் விளிம்புவரை கோடிட்டார்.

அன்று அவள் அவருக்குக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அவர் இரண்டாம் முறையும் கறி வாங்கிக்கொண்டார். "கறி எப்பிடி சாரே?" என்றாள்.

"உப்பு கொஞ்சம் கூடுதல்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் கோணிய வாயால் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு என்று எழுதத் தோன்றுகிறது. அது உண்மையல்ல. அதற்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு அவர்கள் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

ஓராண்டுக்கு மேல் கழிந்து, ஒரு சனிக்கிழமை நான் மாடியேறியபோது, அவர் எழுதி முடித்த ஒரு தாளை முன்னால் வைத்திருந்தார். சாயாக் கடைக்காரரும் மேலே வந்து, தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

"சாரே, ஒரு ஒப்பு வேணும். எனக்க சொந்த ஒசியத்தாக்கும்."

அவர் கையெழுத்திட்டார். கடைக்காரர் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி இறங்கினார். நான் எழுதுகோலை எடுத்தேன். வேறு பேச்சு இல்லாததால் கேட்டேன்.

"என்னை எதுக்கு விளிச்சீங்க?"

"உமக்கு இதில ஒண்ணும் இல்ல. அதனால."

"இருந்தா?"

"இருந்தாலும் ஒப்பு போடலாம். ஒசியத்து செல்லும். உமக்கு எழுதினது உமக்குக் கிடைக்காது."

நான் கையெழுத்தைப் போட்டு முடித்தேன். பிறகு கேட்டேன். "வேற ரெண்டு சாட்சி உண்டு. பங்கு கிடைக்கிறவன் மூணாவதா போட்டிருந்தா?"

"மூணாவதா போட்டாலும் அப்பிடித்தான். அவனுக்க பெண்டாட்டி போட்டாலும் அப்பிடித்தான். கிறிஸ்தியானிகளுக்குள்ள சட்டமாக்கும்."

"அப்ப அந்தப் பங்கு?"

"மற்றுமுள்ள சகல சொத்தும்னு ஒரு வரி உண்டுல்லா. அதில போய்ச் சேரும்."

"அப்பாவுக்க ஒசியத்தில அந்த வரி யாருக்கு?"

"உமக்கும் உம்ம அண்ணனுக்கும்."

கீழே பால் பொங்கும் வாசனை வந்தது. ஒரு மனிதனைக் கைநீட்டி அடிக்க வேண்டும் என்று என் வாழ்வில் எனக்குத் தோன்றியது அப்போதுதான். அவரோ தம் உயிலின் கடைசி வரியைக் கோடிட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இதை ஏன் சொல்லல?"

"நீரு கேட்டது ஒசியத்து செல்லுமாண்ணு." மையை ஊதி உலர்த்தினார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இது அவளுக்க வீடு சார். அவளுக்கு வேற ஒண்ணும் இல்ல."

இது கேள்வி இல்லையாதலால் பதில் வராது என்றுதான் நினைத்தேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"அப்பனுக்கு ஓர்மை தெளிவா உண்டா?"

"உண்டு."

"அப்பம் புதுசா எழுதலாம். சாவுறது வரைக்கும் எத்தற தடவையும் எழுதலாம். கடைசியா எழுதினதாக்கும் நிக்கும். பழையது தன்னால போவும்." ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். "அரைமணிக்கூர் வேலை. எப்பம் வரட்டு?"

தொழில் கேட்கச் சொல்லாத ஒரு கேள்வியை அவர் கேட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

அவர் அந்தத் தாளைத் தனியே எடுத்து, மேசையின் வலப்புறம் வைத்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது பிலோமி அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எழுத்து சாரப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"நம்ம காகிதத்தில ஒண்ணும் குழப்பம் இல்லியே?"

"ஒசியத்து செல்லும்" என்றேன்.

அந்த ஆண்டு என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டில் நடந்தவற்றுள் ஒன்று என்பதால் சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்குச் சளி கட்டியிருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அப்பா நன்றாக இருந்தார்; என்னைப் பெயர் சொல்லி அழைத்து, பாடு எப்படி என்று கடலைப் பற்றிப் பேசினார். மொத்தம் பதினொரு சனிக்கிழமைகள் இருந்தன. நான் ஒன்றையும் தவறவிடாமல் போனேன். உதியன்குளங்கரையில் பஸ் மாறினேன். மாடியேறவில்லை. சன்னல் வழியே அவர் தலை தெரியும். ஒருமுறை அவர் எழுந்து வந்து சன்னலில் நின்று கீழே பார்த்தார். நான் தினசரியை விரித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா இறந்தார்.

அண்ணன் உயிலை வழக்கறிஞரிடம் கொண்டு போனார். வழக்கறிஞர் மூன்றாவது கையெழுத்தில் விரலை வைத்தார். அண்ணன் வந்து முற்றத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பிலோமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அப்பன் எனக்குத் தந்தது அண்ணா" என்றாள்.

"தந்தாரு. நீ ஒப்பு போட்டு அதக் களைஞ்ச. சட்டம் நான் உண்டாக்கினதில்லியே" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

எழுத்து சாரை நேரில் கேட்க வேண்டும் என்றாள். துணைக்கு வா என்று என்னையே அழைத்தாள். அந்த மாடிப் படிகளில் அவளுக்குப் பின்னால் ஏறியது போல் நான் எங்கும் ஏறியதில்லை. அவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

"சாரே, ஒப்பு போட்டா எனக்குக் கிடைக்காதுண்ணு சாருக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அறிஞ்சிட்டுதானா மிண்டாம இருந்திய?"

"ஆமா."

"எனக்க கையால கிழங்கும் கறியும் வாங்கித் தின்னிட்டு."

அது கேள்வியல்ல.

"எனக்க பிள்ளைய நான் எங்க கொண்டு கிடத்துவேன்? பின்னயும் அப்பன் ஒண்ணரை வருசம் ஓர்மையோட கிடந்தாரே. அதுக்கெடையில எங்களுக்க ஆளுவகிட்ட, ஆருகிட்டயாவது, ஒரு வார்த்தை சாரு..."

அவள் அழத் தொடங்கினாள். அவர் எழுதுகோலை மையிலிருந்து எடுத்தபடி, அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தார். சொல்லியிருக்கப்பிடாதா என்று அவள் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் போதும். சொன்னேன் என்று பதில் வந்திருக்கும். யாரிடம் என்ற அடுத்த கேள்விக்கு அவர் என் பெயரைச் சொல்லியிருப்பார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அவர் குனிந்து, எழுதிக்கொண்டிருந்த ஆதாரத்தில் வரியின் மிச்சத்தைக் கோடிட்டு அடைத்தார். மேசையின் வலப்புறத்தில் வெள்ளைத்தாள் அப்போதும் கிடந்தது. அதன் மேல் தூசு படிந்திருந்தது.

இறங்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டை விற்றோம். விலை ஆதாரத்தை எழுதியவரும் அவர்தான்; அண்ணனுக்கு வேறு எழுத்துக்காரர்மேல் நம்பிக்கை இல்லை. விற்பவர்கள் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினார். கையெழுத்திட வேண்டிய இடத்தை எனக்கு நகத்தால் தொட்டுக் காட்டினார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். கேட்கவில்லை. என் மகளின் திருமணத்துக்குப் பிலோமி இரண்டு நாள் முன்பே வந்து அடுக்களையில் நின்றாள். நான் எடுத்துக் கொடுத்த சேலையை உடுத்துக்கொண்டு கோவிலில் முன்வரிசையில் முழங்காலிட்டாள். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். அவள் மகள் படிப்பை விட்டு முந்திரி ஆலைக்குப் போனாள்.

எழுத்து சார் அதற்கு மூன்று ஆண்டு கழித்து இறந்தார். அவருடைய உயிலை நிறுவ என்னை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அவர் கையெழுத்திட்டதைக் கண்டீர்களா என்றார்கள். கண்டேன் என்றேன். அந்தத் தாளில் ஒரு சொல் செருகவும் எங்கும் இடம் இருக்கவில்லை.

பிலோமிக்கு நேற்று நாற்பத்தொன்றாம் நாள் பூசை. அவளுக்கு நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. கடைசி வாரம் முழுவதும் அந்த ஒற்றை அறையில் அவள் கட்டிலருகே நான் இருந்தேன். மகள் ஆலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"சாமியாரு வந்து எல்லாரையும் மன்னிக்கச் சொன்னாரு அண்ணா. மூத்தண்ணன மன்னிச்சேன். அந்த எழுத்து சார மட்டும் மன்னிக்க என்னால ஒக்கேல்ல. மனுசன்னா கேக்காமலும் சொல்லணும்." மூச்சு வாங்கினாள். "அண்ணனுக்கு அது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்து சொல்லியிருப்பிய."

இதில் கேள்வி ஏதும் இல்லை. நான் போர்வையை இழுத்து அவள் கையை மூடினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.